கோளாறு தேடவும் சொல்லிக்கொடுங்கள்

தொழில்நுட்பர்களுக்கு பிஎல்சி (தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் சிறு கணினி) நிரல் எழுதும் பயிற்சி வேண்டும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது சரிதான். ஆனால் சிங்கப்பூரின் தொழிற்பேட்டைப் பகுதியான துவாஸ் பக்கம் இரவு ஷிப்டில் இயந்திரம் நின்றால் யாரும் புது நிரல் எழுத உட்காருவதில்லை, எங்கே கோளாறு என்றுதான் தேடுவார்கள். அது பெரும்பாலும் நிரலில் இருக்காது. சென்சாரில் தூசி, தளர்ந்த வயர், 24 வோல்ட் மின்சாரம் வராதது, இப்படித்தான் இருக்கும்.

ஸ்டாப் பொத்தானையே எடுத்துக்கொள்ளுங்கள். வயர் அறுந்தாலும் இயந்திரம் நின்றுவிட வேண்டும் என்பதற்காக, அழுத்தாதபோது அதில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும்படி வயரிங் செய்வார்கள். அதனால் லேடர் நிரலில் (ஏணி போல வரையும் பிஎல்சி நிரல்) அதற்கு, மின்சாரம் வரும்போது வழிவிடும் திறந்த கான்டாக்ட் குறியைத்தான் போட வேண்டும். புதிதாக வருபவர்கள் நிறையப் பேர் குழம்புவது இங்கேதான். பயிற்றுநர் ஒரு வயரைக் கழற்றி வைத்துவிட்டு, கையில் மல்டிமீட்டரைக் கொடுத்துத் தேடச் சொன்னால் மனத்தில் பதியும். ஸ்லைடு காட்டினால் பதியாது.

40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம், பயிற்சிக் கட்டணத்துக்கு அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையில் 4,000 வெள்ளி கூடுதலாகக் கிடைத்தது. பராமரிப்பு வேலையில் இருக்கும் அண்ணன்மார்களே, செய்முறைக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டுவிட்டுப் பயிற்சியில் சேருங்கள். அப்புறம், ஒர்க் பர்மிட்டில் இருக்கும் தம்பிகளுக்கு இந்தத் தொகை கிடையாது. அவர்களை முதலாளிகள்தான் அனுப்பி வைக்க வேண்டும்.