பெற்றோரிடமிருந்து கட்டாயமாகப் பிரித்தார்களா?

நம் பிரிக்பீல்ட்ஸ் வாசிப்பு வட்டத்தில் பிள்ளைகளோடு படிக்கும் நாவலில், பெற்றோரை இழந்த மூன்று பிள்ளைகள் போர்க்கால லண்டனிலிருந்து கிராமத்துக்குப் போகிறார்கள். அதை வைத்து, "பிரிட்டிஷ் அரசு குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து கட்டாயமாகப் பிரித்தது" என்று மேலே ஒரு கருத்து வந்து, பலரும் பகிர்ந்திருக்கிறார்கள்.

அப்படி இல்லைங்க. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து நகரத்துப் பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். 1939 செப்டம்பர் 1 அன்று தொடங்கிய அந்த வெளியேற்றம் பெற்றோரின் விருப்பத்தைப் பொறுத்தது. பலர் அனுப்பவே இல்லை. குண்டு விழாததால், 1940 ஜனவரிக்குள் போனவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வீடு திரும்பிவிட்டார்கள். கட்டாயம் இருந்தது வேறு இடத்தில்: இடவசதி உள்ள கிராமத்து வீட்டுக்காரர்கள் குழந்தைகளை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

சரிபார்ப்பது சுலபம். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அக்காலச் சுவரொட்டிகளைத் தேடுங்கள். ஒன்றில், மரத்தடியில் பிள்ளைகளோடு இருக்கும் தாயின் காதில் ஹிட்லர் "திரும்பக் கூட்டிப் போ" என்று ஓதுகிறான். கூட்டிப் போகாதே அம்மா என்று அரசு கேட்டுக்கொள்கிறது. கட்டாயம் என்றால் அரசு ஏன் இப்படிக் கெஞ்ச வேண்டும்? பகிர்ந்தவர்கள் தயவுசெய்து திருத்திவிடுங்கள்; பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள்.