கடை கார்டு கடன் அப்படியே போய்விடாது

அமெரிக்காவின் சாப்டர் 7 திவாலில் (இருக்கும் சொத்தை விற்றுக் கொடுத்துவிட்டு மீதிக் கடனிலிருந்து விடுபடும் முறை) கார்டு கடன் மொத்தமும் போய்விடும் என்று ஒரு கட்டுரையில் இருக்கிறது. சாதாரண விசா, மாஸ்டர்கார்டுக்குப் பெரும்பாலும் அது சரி, ஆனால் ஃபர்னிச்சர் கடையும் நகைக்கடையும் கொடுக்கும் கார்டுகளில் வாங்கிய பொருள் மீதே கடைக்கு ஈட்டுரிமை (கடன் தீராவிட்டால் பொருளை எடுத்துக்கொள்ளும் உரிமை) எழுதியிருப்பதுண்டு, அப்போது பணம் கட்டும் பொறுப்பு போனாலும் பொருள் மேல் உள்ள உரிமை போகாது. பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், அல்லது அதன் இன்றைய மதிப்பை மட்டும் ஒரே தடவையில் கட்டி மீட்கலாம் (உட்கார்ந்து தேய்ந்த சோபா என்ன விலை போகும், நீங்களே சொல்லுங்கள்).

இரண்டும் வேண்டாமென்று பழைய கடனைத் தொடர்வதாகப் புதிதாகக் கையெழுத்துப் போடுகிறார்களே, அதுதான் வம்பு. திவாலான பிறகும் அந்தக் கடன் தலைமேல் நிற்கும். அந்த ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. சியர்ஸ் என்ற அமெரிக்கச் சங்கிலிக்கடை நிறுவனம் தாக்கல் செய்யாமலே வசூலித்து மாட்டிக்கொண்டு, 1999-ல் 6 கோடி டாலர் குற்ற அபராதம் கட்டியது.

பழைய மெத்தைக்காகக் கடைக்காரர் லாரி அனுப்புவது அரிது, கடிதம்தான் வரும். நகை என்றால் கேட்பார்கள். சரி, கையெழுத்துப் போட்டாயிற்று என்றாலும் ஒப்பந்தம் நீதிமன்றத்தில் தாக்கலான 60 நாளுக்குள் ரத்து செய்யலாம்.