ஐரோப்பாவில் வறட்சி, கோயம்பேட்டில் விலையேற்றமா?

"ஐரோப்பாவில் மழை பொய்த்தது, உருளைக்கிழங்கு கிலோ நூறைத் தொடும், மூட்டையாக வாங்கி வையுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறானது.

சீனாவுக்கு அடுத்து உலகிலேயே அதிகம் விளைவிப்பது இந்தியாதான். ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கும் மேல். கோயம்பேட்டுக்கு வருவது ஆக்ரா, கோலார், ஊட்டிக் கிழங்கு. பெல்ஜியத்துக் கிழங்கு அல்ல. வடக்கே ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடையாவதைக் குளிர்பதனக் கிடங்கில் அடுக்கி, நவம்பர் வரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவார்கள். ஆக, நம் விலையை ஆட்டுவிப்பது உத்தரப்பிரதேசத்து, வங்காளத்து விளைச்சல், மூடுபனியில் பரவும் கருகல் நோய், கிடங்கு இருப்பு, லாரி வாடகை. ஐரோப்பிய வறட்சி அங்குள்ள சிப்ஸ் ஆலைகளைக் கடிக்கும், நம் பொடிமாஸை அல்ல.

மூட்டை வாங்கினாலும் சென்னைப் புழுக்கத்தில் சீக்கிரமே முளைவிடும். பச்சை படர்ந்ததைச் சமைக்காதீர்கள். அதில் சொலனின் நஞ்சு கூடியிருக்கும்.