12ஆம் ஃபிரெட்டுக்கு மேல சுருதி விலகுறது விலையால இல்லை

விலை குறைஞ்ச பேஸ் கிற்றார் 12ஆம் ஃபிரெட்டுக்கு (கழுத்தில குறுக்கா அடிச்சிருக்கிற உலோகக் கோடு) மேல சுருதி சேராது, மரம்தான் காரணம், பென்டர் எண்ட பேர்பெற்ற கொம்பனியின்ர கிற்றார் வாங்கினால்தான் சரிவரும் எண்டு மேலே தம்பி ஒராள் எழுதியிருக்கிறார். தம்பி, பெரும்பாலும் பிழை மரத்தில இல்லை; பிரிட்ஜில (உடம்பில கம்பியள் முடியிற பகுதி) சாடில் (ஒவ்வொரு கம்பியையும் தாங்கிற சின்னத் துண்டு) நிக்கிற இடத்தில. கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பெடியள் இதை நம்பிக் கடன்படக்கூடாது.

போனில ரியூனர் (சுருதி காட்டிற செயலி) இருந்தால் நீங்களே பாக்கலாம். புதுக் கம்பி போட்டு, கழுத்து வளைஞ்சிருந்தால் முதலில ட்ரஸ் ராடால (கழுத்துக்குள்ள இருக்கிற உலோகக் கோல்) சரிப்படுத்தி, வெறும் கம்பியைச் சுருதி சேருங்கோ. 12ஆம் ஃபிரெட்டுக்கு நேர் மேல கம்பியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு மீட்டி ஹார்மோனிக் (மணிமாதிரிக் கேக்கிற சுரம்) எடுங்கோ; பிறகு அதே ஃபிரெட்டில அழுத்தி வாசியுங்கோ. அழுத்தின சுரம் ஹார்மோனிக்கைவிடக் கூடினால் சாடிலைப் பின்னுக்கு, குறைஞ்சால் கழுத்துப் பக்கம் நகர்த்துங்கோ. ஒவ்வொருதரமும் திரும்பச் சுருதி சேர்த்துத்தான் பாக்கவேணும், இதைத்தான் கனபேர் மறக்கிறவை. தடிச்ச ஈ கம்பியின்ர சாடில் பின்னுக்குப் போகாமல் அதின்ர திருகாணியில இருக்கிற சுருள்வில் முட்டினால், வில்லைக் கொஞ்சம் வெட்டிக் குறைக்கலாம்.

ஃபிரெட் அடிச்ச இடமே பிழையோ எண்டு சந்தேகமெண்டால் அளவுநாடா போதும்: 34 அங்குல ஸ்கேலுக்கு (கம்பியின்ர அதிரும் நீளம்) நட்டிலயிருந்து (கழுத்தின்ர தலைப்பக்கம் கம்பியளைத் தாங்கிற துண்டு) 12ஆம் ஃபிரெட் 17 அங்குலம். அது தெளிவா விலகியிருந்தால் மட்டும் கிற்றாரை மாத்துங்கோ.