பத்து வயசான வண்டியைப் பார்த்துவிட்டுப் புதுசு வாங்குங்கள்

குடும்பத்துக்கு ஒரு கார் வேண்டும், வாங்கினால் பதினைந்து வருஷம் வைத்திருக்கணும், எது நல்லது என்று யாராவது கேட்டால், வருகிற பதில்கள் பெரும்பாலும் முதல் மூன்று வருஷத்துக்கான பதில்கள். மைலேஜ் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம், பிக்கப் எப்படி, சன்ரூஃப் இருக்கா. மூன்று வருஷத்தில் கைமாற்றுகிறவருக்கு இது போதும். பதினைந்து வருஷம் வைத்திருப்பவர் புது வண்டி ஓட்டுவது கொஞ்ச காலம்தான். மிச்ச காலம் முழுக்க அவர் ஓட்டப்போவது பழைய வண்டி. அந்தப் பழைய வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்று இன்றைக்கே பார்க்க வழி இருக்கிறது: அதே இன்ஜினும் அதே கியர்பாக்ஸும் உள்ள, எட்டுப் பத்து வருஷம் ஓடிய வண்டியைத் தேடிப்பிடித்துப் பாருங்கள். மாடல் பெயர் ஒன்றாக இருப்பது போதாது. பெயரை வைத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் மாற்றிவிடுவார்கள். மாடல் புதுசாக இருந்தாலும், இன்ஜின் வேறொரு வண்டியில் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கலாம். தேட வேண்டியது அந்த வண்டியைத்தான்.

'தரத்தில் முதலிடம்' என்கிற விளம்பரங்களை நம்பும் முன் எந்த வயசு வண்டியை அளந்தார்கள் என்று பாருங்கள். அமெரிக்க ஆய்வு நிறுவனமான ஜே.டி. பவரின் ஆரம்பத் தர ஆய்வு, வாங்கிய முதல் 90 நாளில் வரும் குறைகளைக் கணக்கெடுப்பது. புளூடூத் இணையவில்லை என்பதும் அதில் ஒரு குறைதான். அவர்களுடைய நீடித்துழைப்பு ஆய்வுகூட மூன்று வயசு வண்டிகளோடு நின்றுவிடுகிறது. ஜெர்மனியில் வாகனச் சோதனை நடத்தும் டியூவ் அமைப்பின் அறிக்கை 12, 13 வயசு வண்டிகள் வரை போகும். கட்டாயச் சோதனையில் எத்தனை வண்டி தேறவில்லை என்ற விவரம் அது. ஆனால் அங்கே பார்ப்பது பிரேக், லைட், சஸ்பென்ஷன், துரு, ஆயில் கசிவு. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றிய செலவு அந்தக் கணக்கில் வராது. மெக்கானிக்கைக் கேட்பதும் நல்லதுதான், ஆனால் அவரிடம் வருவது உடைந்த வண்டிகள் மட்டும்தானே. 'எந்த வண்டி அதிகம் வருகிறது' என்று கேட்டால் அதிகம் விற்ற வண்டியின் பெயர்தான் வரும். 'இந்த இன்ஜினில் எது முதலில் போகும், எத்தனையாவது வருஷத்தில்' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நல்ல மெக்கானிக் யோசிக்காமல் பதில் சொல்வார்.

இன்ஜினில் என் சாய்வு வெளிப்படையானது: டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி) இல்லாத, போர்ட் இன்ஜெக்‌ஷன் உள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். இதில் பெட்ரோல், சிலிண்டருக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வுக்கு முன்னாலேயே தெளிக்கப்படுவதால் வால்வின் முதுகு கழுவப்பட்டுக்கொண்டே இருக்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போய்விடுகிறது. இன்ஜினின் அடிப்பாகமான கிராங்க்கேஸிலிருந்து திரும்பி வரும் ஆயில் ஆவி வால்வில் ஒட்டிக் கரியாகக் கெட்டிப்படும், கழுவ ஆள் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நடுக்கம், மிஸ்ஃபயர் (சிலிண்டரில் சரியாகப் பற்றாமல் போவது), நின்ற இடத்தில் ஓடும் ஐடிலில் தள்ளாட்டம் என்று அது தலைகாட்டும். பெட்ரோல் டேங்கில் ஊற்றும் கிளீனர் அந்த இடத்தைத் தொடாது. இன்டேக்கைக் கழற்றி, அரைத்த வால்நட் ஓட்டுத்தூளைப் பீய்ச்சி உரிப்பதுதான் உருப்படியான வைத்தியம். டொயோட்டாவின் டி-4எஸ் போலச் சில இன்ஜின்களில் இரண்டு வகை இன்ஜெக்டரும் இருக்கும். அவற்றில் இந்தத் தொல்லை வெகு குறைவு.

சின்ன டர்போ இன்ஜினை ஒதுக்கச் சொல்லவில்லை, அது ஒழுக்கம் கேட்கும் இன்ஜின். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் டர்போவின் பேரிங்கில் ஆயில் கருகிப்போகும். குறைந்த ஆர்பிஎம்மில், உயர்ந்த கியரில் வைத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளலாம். ஒரே ஒரு தடவை பலமாக நடந்தாலும் பிஸ்டன் விரிசல் விடலாம். இதைத் தாங்குகிறதா என்று சோதித்து வரும் ஆயில் தரங்களில் ஒன்றுதான் அமெரிக்க பெட்ரோலிய நிறுவனத்தின், 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி (API SP). டப்பாவின் பின்பக்கம் அந்த எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தவறாமல் இயக்குவது டைமிங் பெல்ட்டா செயினா என்பதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். பெல்ட் என்றால் கிலோமீட்டர் கெடுவும் உண்டு, வருஷக் கெடுவும் உண்டு, எது முந்துகிறதோ அப்போது மாற்றணும். வாட்டர் பம்ப்பும், பெல்ட்டை இறுக்கிப்பிடிக்கும் டென்ஷனரும் அதே இடத்தில் இருந்தால் கூடவே மாற்றிவிடுவது நல்லது. பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றாமல் தப்ப முடியாது. செயின் 'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்பார்கள். ஆயில் அழுக்கானால் செயினின் பின்கள் தேய்ந்து நீண்டுவிடும். இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி கடகடவென்று கேட்டு அடங்கினால் செயினையோ டென்ஷனரையோ சந்தேகப்படுங்கள். மூன்றாவது வகை ஆயிலுக்குள்ளேயே ஓடும் ரப்பர் பெல்ட். தவறான ஆயிலோ, ஆயிலில் கலந்த பெட்ரோலோ அதை ஊறவைக்கும். உதிரும் துகள் ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைக்கும், பிரஷர் விழும், பெல்ட் அறுவதற்கு முன்பே இன்ஜின் போய்விடும். நீண்ட காலத்துக்கு வாங்குகிறவர் இந்த வகையைத் தவிர்த்துவிடலாம் என்பதே என் கருத்து.

பெரிய செலவு வைப்பதில் இன்ஜினுக்குப் போட்டி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான். 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்து விதமான இயந்திரங்கள் ஒளிந்திருக்கின்றன. கிளட்ச்சுக்குப் பதில் ஆயில் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகைதான் நீண்ட காலம் சோதிக்கப்பட்டது. அதிலும் 'ஆயிலை மாற்றவே வேண்டாம்' என்று கையேட்டில் போடுவார்கள். கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருஷத்தில் மாற்றச் சொல்கிறது. கையேடு வேறு கெடு சொல்லாவிட்டால், அதற்கும் முன்பே 60,000 வாக்கில் மாற்றிவிடுவது பத்திரம் என்பது என் கருத்து. கியர் படிகளே இல்லாத சிவிடியில் எஃகு பெல்ட் இரண்டு கூம்புப் புல்லிகளுக்கு நடுவே அழுந்திப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. அந்தப் பிடிப்பு அதற்கென்றே உள்ள ஆயிலைச் சார்ந்தது, வேறு ஆயில் ஊற்றினால் வழுக்கிப் புல்லியில் கீறல் விழும். முழு பாரத்தோடு மலை ஏறும்போது வரும் சூடும் அதற்கு ஆகாது. இரட்டை கிளட்ச்சில் ஆயிலில் நனையாத உலர் வகை, ஊர்ந்து போகும் நெரிசலில் பாதி பிடித்தும் பாதி விட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும், சூடு வெளியேற வழியில்லை. முதல் கியரிலும் ரிவர்ஸிலும் அதிர்வு வருவது அதன் முதல் அறிகுறி. ஈர கிளட்ச் எவ்வளவோ தேவலாம். ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸுக்கு ஒரு இயந்திரக் கை வைத்தது. எளிமையானதுதான், ஆனால் மேட்டில் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரால் வண்டியை நிறுத்திப்பிடித்தால் கிளட்ச் கருகும். இதில் ஒரு பெயர்க் குழப்பம் வேறு. பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் டொயோட்டா ஹைப்ரிட்டில் வரும் 'இ-சிவிடி'க்குள் பெல்ட்டும் கிடையாது, கூம்புப் புல்லியும் கிடையாது. 1997இல் பிரியஸ் காரோடு வந்த, கிரகப் பல்சக்கர அமைப்பும் இரண்டு மோட்டாரும் கொண்ட ஏற்பாடு அது. சிவிடி என்று பயந்து அதை ஒதுக்குகிறவர்கள் கியர்பாக்ஸ்களில் அநேகமாக மிக உறுதியான ஒன்றைத்தான் ஒதுக்குகிறார்கள்.

ஷோரூமைச் சுற்றிப் பத்து நிமிஷம் ஓட்டினால் இதில் எதுவும் தெரியாது. முக்கால் மணி நேரம் ஓட்டி, எல்லாம் சூடான பிறகு ஐந்து நிமிஷம் ஊர்ந்து பாருங்கள். ஒரு சரிவில் ரிவர்ஸில் மெதுவாக ஏற்றுங்கள். உதறலும் இழுப்பும் இருந்தால் அங்கேதான் வெளிவரும்.

டீசல், தினமும் நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு. குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஐந்து கிலோமீட்டரில் வீடு திரும்புகிற வண்டிக்கு அது ஒத்துவராது. புகைத் துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள 600 டிகிரி அளவுக்குச் சூடேறணும், அதற்குப் பதினைந்து இருபது நிமிஷம் தடையில்லாத ஓட்டம் வேண்டும். சூடேற்றுவதற்காகப் பல வண்டிகளில் கூடுதல் டீசல் சிலிண்டருக்குள் தெளிக்கப்படுகிறது. பாதியிலேயே வண்டியை நிறுத்தி நிறுத்தி எடுத்தால் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் சேரும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால், 'நம்ம வண்டி ஆயிலே குடிப்பதில்லை' என்று சந்தோஷப்பட வேண்டாம். அது டீசல், உடனே ஆயிலை மாற்றணும்.

ஹைப்ரிட்டில் பலரும் பார்க்காத இடம், பின் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன காற்றுத் துளை. பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அது வழியாகத்தான் போகிறது. பையையோ போர்வையையோ வைத்து அடைத்தாலும், உள்ளே உள்ள வடிகட்டியில் தூசியும் முடியும் சேர்ந்தாலும் பேட்டரி சூட்டிலேயே கிழடாகும். வடிகட்டியைக் கழற்றித் தட்டிப்போட ஐந்து நிமிஷம் போதும். முழு மின்சார வண்டியிலும் எதிரி சூடுதான். 2010இல் வந்த முதல் தலைமுறை நிஸான் லீஃபில் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை, வெயில் கடுமையான இடங்களில் அதன் கொள்ளளவு வேகமாகக் குறைந்தது. பேட்டரியைக் கூலன்ட் குளிர்விக்கிறதா, வாரன்டி எத்தனை சதவீதக் கொள்ளளவு வரை என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கம்மியாக ஓடிய வண்டி நல்ல வண்டி என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. சில சாமான்கள் ஓடாமலேயே கெடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 (DOT 4) என்ற பிரேக் ஆயில் தரத்தில் புதுசுக்குக் குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டிய கொதிநிலை, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 155 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் மிதி தரையைத் தொடுவது அதனால்தான், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றணும். கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உறையும், ரேடியேட்டரின் இரு பக்கத் தொட்டிகளும் இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக், பத்து வருஷச் சூட்டில் மொறுமொறுத்து விரிசல் விடும். ஒரு ஹோஸ் வெடித்தால், கூலன்ட் போன பிறகு ஓட்டிய இரண்டு கிலோமீட்டர்தான் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட்டை முடிக்கும். கூலன்ட்டை நிறம் பார்த்துக் கலக்காதீர்கள். வகை ஒத்துப்போகாவிட்டால் ஜெல் போலக் கட்டிக்கொள்ளும். ஜப்பானின் டகாடா நிறுவனத்து ஏர்பேக் விவகாரமும் இதே கதைதான். அதிலிருந்த அம்மோனியம் நைட்ரேட் வருஷக்கணக்கில் வெயிலையும் ஈரத்தையும் வாங்கிக் கெட்டு, விரியும்போது உலோகக் கூடே சிதறியது. பழைய வண்டி எதுவானாலும் எழுத்தும் இலக்கமுமாக 17 இடங்கள் கொண்ட அடிச்சட்ட (சேஸிஸ்) எண்ணைக் கொடுத்து, குறையைச் சரிசெய்ய நிறுவனமே திரும்ப அழைக்கும் ரீகால் வேலை முடிந்ததா என்று கேளுங்கள்.

வசதிகள் விஷயத்தில் நான் கொஞ்சம் கஞ்சன். ஏசியின் குமிழ்கள் திரைக்குள் போய்விட்ட வண்டியில், திரை செத்த அன்றைக்கு ஏசியும் ரிவர்ஸ் கேமராவும் சேர்ந்தே சாகும். சன்ரூஃபின் மூலைகளில் மெல்லிய வடிகுழாய்கள் உண்டு. இலையும் மண்ணும் அடைத்தால் மழைத் தண்ணீர் தூண் வழியே இறங்கிக் கம்பளத்துக்கு அடியில் இருக்கும் வயர் இணைப்புகளில் தேங்கும். கிடைக்கிற சக்கரங்களில் சின்னதை எடுங்கள். டயரின் பக்கச்சுவர் உயரமாக இருந்தால் பள்ளத்தில் விழும்போது ரிம் சுலபத்தில் வளையாது, டயரும் எளிதில் கிடைக்கும்.

கடைசிச் சோதனைக்குச் செலவு கிடையாது. பிடித்த மாடலின் கையேட்டைப் பணம் கட்டும் முன்பே நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி, பராமரிப்பு அட்டவணையில் 'கடின உபயோகம்' என்ற பகுதியைத் தேடுங்கள். அடிக்கடி குறைந்த தூரம், நெரிசல், தூசி, கடும் வெயில், முழு பாரம் எல்லாம் அங்கே இருக்கும். சாதாரணக் குடும்ப ஓட்டம் பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்குள்தான் விழும். விற்பனையாளர் சொன்ன 15,000 கிலோமீட்டர் ஆயில் கெடு பல கையேடுகளில் அங்கே பாதியாகியிருக்கும். பிறகு ஒரு உதிரிபாகக் கடையில் ரேடியேட்டர், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம், ஏசி கம்ப்ரஸர், ஜன்னல் மோட்டார், ஹெட்லைட் என்று ஐந்தின் விலையையும், கிடைக்க எத்தனை நாள் என்பதையும் கேளுங்கள். விற்பனையில் இருக்கிற வண்டிக்கே ஹெட்லைட் வர மூன்று வாரம் என்றால், அந்த மாடலை நிறுத்திய பிறகு எத்தனை மாதம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.