ராணுவ அதிகாரியின் கல்லறைக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள்

கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் ராணுவ அதிகாரி ஒருவரின் நினைவுச்சின்னம் இருந்தால், பெரும்பாலும் உயரமாக நிற்பது அதுதான். நினைவு நாள் நெருங்கும்போது எல்லோரும் முதலில் கை வைப்பதும் அதில்தான். ஆசிட், கம்பி பிரஷ், சிமென்ட், வெள்ளை பெயிண்ட். நூறு வருட மழை செய்யாத சேதத்தை இவை ஒரே நாளில் செய்துவிடும். செய்பவர்கள் மரியாதையோடுதான் செய்கிறார்கள் என்பதால் மனசு இன்னும் கனக்கிறது.

அந்தக் கல்லின் உயிர் எழுத்தில் இருக்கிறது. பதவி, ரெஜிமென்ட், இறந்த இடம், தேதி: பல நேரம் குடும்பத்தாரிடமே இல்லாத தகவல் இது. சலவைக்கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஆசிட் பட்டதும் நுரை பொங்கும். அழுக்கு போகிறது என்று நினைப்போம். கரைவது கல். எழுத்தின் விளிம்பு மழுங்கினால் திரும்பக் கிடைக்காது. கம்பி பிரஷ் விட்டுப்போகும் இரும்புத் துகள் அடுத்த மழையில் துருக்கறையாகும். பிளீச்சிங் திரவத்தின் உப்பு கல்லுக்குள் இறங்கி, காயும்போது படிகமாகி மேற்பரப்பை உதிர்க்கும்.

முதலில் விரலால் தடவிப் பாருங்கள். சர்க்கரை போல் உதிர்ந்தாலோ, லேசாகத் தட்டும்போது உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் வந்தாலோ, கழுவவே வேண்டாம். உறுதியான கல் என்றால் நல்ல தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு, மிருதுவான நைலான் பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகத் தேயுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த கல்லில் கோடு கோடாக இறங்கிக் கறை பிடிக்கும். தடித்த பாசிக்கு மூங்கில் சீவல் போதும், கத்தி கூடாது.

எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்க்க வேண்டாம். ஒரு முகக்கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நிழல் விழுந்து வரிகள் எழுந்து நிற்கும். ஈயம் பதித்த எழுத்துகள் உதிர்ந்திருந்தாலும், ஈயத்தைப் பிடித்து நிறுத்தத் துளைத்த சிறு ஓட்டைகள் அப்படியே இருக்கும். அவற்றின் அமைப்பை வைத்தே எந்த எழுத்து என்று படிக்க முடியும். பெயிண்டோ பட்டியோ பூசினால் அந்த ஓட்டைகளும் அடைந்துபோகும்.

இணைப்புகளில் சிமென்ட் வேண்டவே வேண்டாம். அது கல்லைவிடக் கெட்டி; ஈரம் இணைப்பு வழியே வெளியேற முடியாமல் கல்லின் முகம் வழியாக வரும், முகம் பெயர்ந்துவிடும். ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல், சில நாட்கள் ஈரச்சாக்கு போர்த்திச் சட்டென்று காயாமல் பார்த்துக்கொள்ளுதல்: இதுவே சரி. மூலையில் விரிசல் தெரிந்தால் கற்களைப் பிணைக்க உள்ளே வைத்த இரும்புப் பட்டை துருவேறிப் பருத்திருக்கலாம். அதை எடுத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைப்பது கல்தச்சர் வேலை. சாய்ந்த தூணை நாலு பேர் சேர்ந்து தள்ளி நிமிர்த்தாதீர்கள். ஒரு கன அடி கருங்கல்லே சுமார் 75 கிலோ.

பழசை எடுத்துவிட்டுப் பாலிஷ் கிரானைட் வைக்கலாம் என்ற யோசனையையும் ஏற்க முடியவில்லை. போர்க் கல்லறைகளுக்காக 1917-இல் பிரிட்டன் அமைத்த ஆணையம், அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரிக் கல் என்று வைத்தது. அது நியாயம். ஆனால் குடும்பமோ சக வீரர்களோ காசு சேர்த்து எழுப்பிய சின்னம் ஒவ்வொன்றும் தனி. பாதியில் முறிந்த தூண் என்றால், வாழ்வு இடையில் அறுந்தது என்று பொருள். பாலிஷ் பலகையில் அது வராது.

எந்த வேலைக்கும் முன்னால் நான்கு பக்கமும் படம் எடுங்கள். கல்வெட்டை வரி மாறாமல், எழுத்துப்பிழை இருந்தால் அதையும் திருத்தாமல், பேப்பரில் எழுதி வையுங்கள்.