லாரி போய்விட்டால் வீடு மாறிவிட்டதா?

வீடு மாறியவர்களைப் பார்த்தால் எல்லோரும் தவறாமல் ஒன்று கேட்கிறார்கள். "என்ன, எல்லாம் செட் ஆயிடுச்சா?" அடுத்த தடவை யாராவது இப்படிக் கேட்டால் பதில் சொல்லப் போவதில்லை. கையில் ஒரு கத்திரிக்கோலைக் கொடுத்து, கூடத்தில் கூரையைத் தொட நிற்கும் அட்டைப்பெட்டிகளைக் காட்டப் போகிறேன்.

சாமான் கட்டுவது பெரிய வேலை, பிரிப்பது சின்ன வேலை என்று எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டாரோ தெரியவில்லை. கட்டுபவருக்கு யோசனையே தேவையில்லை. கண்ணில் பட்டதை அள்ளிப் போட்டு, டேப்பைச் சர்ரென்று இழுத்து ஒட்டினால் முடிந்தது. பிரிக்கும்போது கையில் எடுக்கிற ஒவ்வொன்றுக்கும் முடிவு எடுத்தாக வேண்டும். இது எந்த அறைக்கு, எந்தத் தட்டுக்கு, அடிக்கடி வேண்டுமா, பரணில் போடலாமா, இன்னும் வேலை செய்கிறதா, இது யாருடையது? ஒரு பெட்டி முடிவதற்குள் உடம்பை விட மண்டைதான் முதலில் களைத்துப்போகிறது.

பெட்டிமேல் எழுதியிருப்பதைச் சொல்லாவிட்டால் என் நெஞ்சு ஆறாது. "இதர". எத்தனை பெட்டிகளில் இந்த ஒரே சொல்! திறந்தால் டிவி ரிமோட், ஒற்றைச் செருப்பு, பாதி எரிந்த மெழுகுவர்த்தி, அடியில் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழும் இருக்கிற ஃபைல். சான்றிதழ் "இதர"வாம்! "சமையலறை" என்று பெரிதாக எழுதியிருந்த பெட்டியில் மிக்ஸி ஜாரின் மூடி இருந்தது. ஜார் குழந்தைகளின் துணிப் பெட்டியில், ஸ்வெட்டருக்குள் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. புத்தகங்களை இருப்பதிலேயே பெரிய பெட்டியில் நிரப்பியிருக்கிறார்கள். நம்மால் அசைக்கக்கூட முடியவில்லை. எப்படியோ தூக்கினால், அடிப்பக்கம் பிய்த்துக்கொண்டு மொத்தமும் காலில் விழுந்தது.

அப்புறம் கட்டில். கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு சின்னக் கவரில் போட்டு, கட்டில் சட்டத்திலேயே டேப் வைத்து ஒட்டிவிட்டால் தீர்ந்தது விஷயம். வேறு வித்தையே தேவையில்லை. ஆனால் "பத்திரமா இருக்கட்டும்" என்று யாரோ எங்கோ வைத்துவிட்டார்கள். நம் வீடுகளில் பத்திரமாக வைத்தது என்றால் தொலைந்தது என்றுதான் அர்த்தம். சுவரோரம் கட்டில் துண்டு துண்டாகச் சாய்ந்து நிற்கிறது, தரையில் மெத்தையைப் போட்டுப் படுக்கிறோம்.

ஃப்ரிட்ஜை நிமிர்த்தியபடி கொண்டு வாருங்கள் என்று வாய் வலிக்கச் சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்று படுக்கவைத்தே கொண்டு வந்தார்கள். படுக்கவைத்தால் கம்ப்ரசரில் இருக்கிற எண்ணெய் குழாய்களுக்குள் போய்விடும். நிமிர்த்திச் சில மணி நேரமாவது சும்மா விட்டுத்தான் ஸ்விட்சைப் போட வேண்டும். இதை வீட்டில் விளக்கினால், "இன்னும் தண்ணி ஜில்லுன்னு ஆகலையா?" என்கிறார்கள். முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷினுக்கோ பின்னால் டிரம்மை ஆடாமல் இறுக்கிப் பிடிக்கிற போல்ட்டுகள். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் மெஷின் அறை முழுக்கக் குதித்து வரும். இதையும் யார் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்? நான்தான்.

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இந்த வீட்டுக்குள் எல்லோரும் ஒரே நாளில்தான் கால் வைத்தோம். ஆனால் காலையில் கண் விழித்ததிலிருந்து, "அம்மா, என் சார்ஜர் எங்கே?", "ஏம்மா, நெயில்கட்டரைப் பார்த்தியா?", "அம்மா, நீலச் சட்டை?" எனக்கு மட்டும் பெட்டிக்குள் பார்க்கிற கண் எப்போது முளைத்தது?

தேடுகிற லட்சணத்தையும் கேளுங்கள். இவர் நெயில்கட்டருக்காக ஒரு பெட்டியைக் கிழிப்பார், மேலே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துப் போடுவார், கிடைக்காவிட்டால் அப்படியே விட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போவார். மூடியிருக்கிற பெட்டியாவது ஓரமாக ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். பாதி திறந்ததை அடுக்கவும் முடியாது, தாண்டவும் முடியாது. கோபப்பட்டால் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "என்ன செய்யணும்னு சொல்லு, செஞ்சிட்டுப் போறேன்." ஐயா, என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துச் சொல்வதுதானே இங்கே வேலையே! பெட்டியைத் திறக்க யாரால் முடியாது?

"வேண்டாததைத் தூக்கிப் போட இதுதான் நல்ல சமயம்" என்று அறிவுரை சொல்கிறவர்கள் ஒரு பக்கம். அதை வாடகை லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாமே! சரி, இப்போதாவது போடலாம் என்று ஒரு பை நிறையச் சிக்கிக் கிடந்த ஒயர்களை எடுத்தால், அதுவரை திரும்பிக்கூடப் பார்க்காதவர்கள் ஓடி வருகிறார்கள். எந்தச் சாதனத்தின் ஒயர் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் "என்னைக்காவது வேணும்". அந்தப் பை இப்போது எங்கே என்று நினைக்கிறீர்கள்? புது "இதர" பெட்டிக்குள்.

இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க உறவுக்காரர்கள் வருகிறார்களாம், என்னைக் கேட்காமலே தேதி கொடுத்திருக்கிறார்கள். வரட்டும், நன்றாக வரட்டும். சோபா மேல் மலையாகக் கிடக்கிற துணியை ஆளுக்குக் கொஞ்சம் மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, அதற்கப்புறம் உட்காரட்டும்.